அக்கசாலையில் பிறந்த சொல்

கார் வாங்கப் போனால் விற்பனைப் பையன் முதலில் காட்டுவது சக்கரத்தைத்தான். "இது அலாய் வீல் சார், டாப் மாடல்ல மட்டும்தான் வரும்" என்பான். அந்த அலாய்க்குத் தனிக் காசு. அலுமினியத்தோடு சிலிக்கானும் மக்னீசியமும் கொஞ்சம் சேர்த்து வார்த்த சக்கரம் அது. எடை குறைவு, பார்க்கவும் மினுமினுப்பு. கீழ் மாடலில் வருவதை 'ஸ்டீல் வீல்' என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டே சொல்வான். ஸ்டீலும் ஓர் அலாய்தான், இரும்பும் கரியும் கூடியது என்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. விலை குறையப் போவதில்லை.

இன்று கூடுதல் காசு கேட்கும் இந்தச் சொல், வளர்ந்த காலத்தில் காசைக் கெடுக்கிற சமாச்சாரத்துக்குப் பெயராக இருந்தது. தமிழிலும் ஏறக்குறைய இதே கதைதான், வேறு சொற்களில். 'கல' என்ற ஒரே வேரில் கலவையும் பிறந்தது, கலப்படமும் பிறந்தது. சந்தனத்தில் சேர்ந்தால் கலவை. பாலில் சேர்ந்தால் கலப்படம், வழக்கு, அபராதம். உலோகத்தில் சேர்ந்தால்? நீங்கள் தங்க வேலை செய்யும் தட்டார் பட்டறையில் நிற்கிறீர்களா, வெண்கலமும் பித்தளையும் வார்க்கும் கன்னார் பட்டறையில் நிற்கிறீர்களா என்பதைப் பொறுத்தது அது. கலப்பு என்றதும் நமக்கு எழும் சந்தேகமெல்லாம் தங்கத்திலிருந்து வந்தது என்பது என் கட்சி. வெண்கலத்திலிருந்து யோசிக்கத் தொடங்கியிருந்தால் நமக்கு வேறு புத்தி வாய்த்திருக்கும்.

முதலில் அலாய் என்ற அந்த வெளிச்சொல்லைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். அதோடு ஒரு முன்னொட்டு சேர்ந்து 'அல்லிகாரே' ஆனது: ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுதல். பழைய பிரெஞ்சு அதைத் தேய்த்துத் தேய்த்து 'அலுவா' என்ற பெயர்ச்சொல்லாக்கியது. ஆங்கிலம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது. நட்பு நாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்பு. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நாரை மருத்துவர்கள் 'லிகமென்ட்' என்கிறார்களே, அதுவும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

பொருள் இவ்வளவு நல்லதாக இருக்க, சொல் ஏன் கெட்ட பெயர் வாங்கியது? அது குடியேறிய இடம் அப்படி. கொல்லன் உலைக்குப் போகாமல் நாணயம் அடிக்கும் அக்கசாலைக்குப் போனது. அங்கே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் காசில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு? பிரெஞ்சில் அந்தச் சொல் நாணயத்தின் தரத்தைக் குறித்தது. 'சட்டப்படி' என்பதற்கான பிரெஞ்சுத் தொடரும் காதுக்கு ஏறக்குறைய அப்படியே ஒலித்ததால், சட்டம் நிர்ணயித்த தரம்தான் இந்தச் சொல்லுக்கு வேர் என்று சிலர் நம்பியும்விட்டார்கள். வேர் தவறு, ஆனால் பழக்கம் சரி. ஸ்பானியர் இன்றும் தரமான வெள்ளியைச் 'சட்ட வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலோ சொல் ஒரு படி கீழே இறங்கி, தங்கத்திலும் வெள்ளியிலும் சேர்க்கிற மட்ட உலோகத்துக்கே பெயராகிவிட்டது. கலப்பில்லாத மகிழ்ச்சி, கலப்பில்லாத அன்பு என்றெல்லாம் அவர்கள் எழுதுவதில் இந்தச் சொல்தான் எதிர்மறையில் நிற்கிறது.

கெட்ட பெயருக்கு ஆதாரமும் இருந்தது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி போருக்கும் அரண்மனைக்கும் பணம் போதாமல் 1544-இல் நாணயத்தில் கைவைத்தார். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருக்க வேண்டிய காசு, அவர் காலத்திலேயே மூன்றில் ஒரு பங்கு வெள்ளியாக இளைத்தது. மீதி செம்பு. மேலே மட்டும் வெள்ளி தெரியும்படி செய்திருந்தார்கள். ஹென்றியின் முகம் காசில் நேர்ப்பார்வையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. முகத்தில் துருத்திக்கொண்டிருப்பது மூக்கு. கைமாறக் கைமாற முதலில் தேய்ந்ததும் மூக்குதான். வெள்ளி போய்ச் செம்பு எட்டிப் பார்த்தது. ஊர் அவருக்குச் 'செம்பு மூக்கன்' என்று பெயர் வைத்தது. முலாம் போன நகையைப் பார்த்து நாம் 'பல்லை இளிச்சிடுச்சு' என்கிறோம். நாம் பல்லைப் பார்த்தோம், அவர்கள் மூக்கைப் பார்த்தார்கள்.

அக்கசாலை நமக்கும் இருந்தது. பாண்டியர் துறைமுகமான கொற்கைக்கு அருகே அக்காசாலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. தங்கத்தின் தரத்தைச் சொல்லத் தமிழில் இருக்கும் சொல் 'மாற்று'. பத்தரை மாற்றுத் தங்கம் என்றால் அதற்கு மேல் தரமில்லை. மனிதர்களையும் இதிலேயே நிறுத்துப் பழகிவிட்டோம்: 'மாற்றுக் குறையாத மனுஷன்' என்று சொன்னால் நற்சான்றிதழ். குறளில் கட்டளைக்கல் வருகிறது, ஒருவர் பெரியவரா சிறியவரா என்று அவரவர் செயலை உரைத்துப் பார்ப்பதற்கு. சுடச்சுடத்தான் பொன் ஒளிவிடும் என்று வேறொரு குறள். சேர்ந்ததையெல்லாம் எரித்துத் தள்ளிய பிறகு மிஞ்சுவதே மேன்மை என்கிற பார்வை நம் மொழியில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. புடம் போட்ட மனிதர் என்கிறோம்; வார்த்தெடுத்த மனிதர் என்று யாரையும் பாராட்டுவதில்லை.

சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு பத்தர் இருந்தார். அவர் பட்டறையில் வேடிக்கை பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. பழைய நகை வந்தால் கருங்கல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். மஞ்சளாக ஒரு கோடு விழும். தரம் தெரிந்த ஆணியை எடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு கோடு. ஆணி என்றால் சுவரில் அடிக்கிற ஆணி இல்லை. வெவ்வேறு மாற்றில் செய்து வைத்திருக்கும் மாதிரித் தங்க முனைகள். இரண்டு கோட்டின் குறுக்கேயும் திராவகத்தை ஒரு குச்சியால் தடவுவார். செம்பு அதிகமாக இருந்தால் கோடு பச்சையாக நுரைத்து மங்கும். நல்ல தங்கத்தின் கோடு அசையாது. கண்ணைச் சுருக்கி இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு ஓர் எண் சொல்வார். பெரும்பாலும் அதை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்த அவர்தான், ஒருநாள் நான் கேட்டதற்கு இப்படிச் சொன்னார்: "தங்கம் தனியா நிக்காது தம்பி. செம்பு வந்து புடிச்சாத்தான் நிக்கும்." சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும். அதில் சங்கிலி செய்தால் கண்ணி இழுபடும், கல் பதித்தால் கல் கழன்று விழும். அதனால்தான் 24-இல் 22 பங்கு தங்கம், மீதி இரண்டு பங்கு செம்பும் வெள்ளியும். 22-ஐ 24-ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 916 சொச்சம். கடைப் பலகைகளில் மின்னும் 916 அதுதான். 'சுத்தமான 916 தங்கம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆயிரத்தில் 84 பங்கு வேறு உலோகம் இருக்கிறது என்பதற்கான சான்றிதழைச் சுத்தம் என்ற சொல்லோடு சேர்த்து விற்க முடிவது நகை வியாபாரத்தில் மட்டும்தான்.

நகைக்கடையில் அடிபட்ட இன்னொரு சொல் கே.டி.எம். அது தங்கத்தின் வகை என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது கேட்மியத்தின் சுருக்கம். நகையின் துண்டுகளை ஒட்டுவதற்குப் 'பொடி' வேண்டும். தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதால் பழைய பொடியில் செம்பும் வெள்ளியும் கூடுதலாக இருக்கும். நகையைப் பிறகு உருக்கினால் அத்தனையும் சேர்ந்து மாற்றைக் குறைத்துவிடும். கேட்மியம் கலந்த பொடியில் அந்தத் தொல்லை குறைவு. கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகப் போய்விடுகிறது, தங்கத்தின் தரம் அப்படியே நிற்கிறது. வாங்குகிறவருக்கு லாபம்தான். அந்த ஆவி போய்ச் சேர்ந்தது பற்றவைக்கும் ஆசாரியின் நுரையீரலுக்கு. கேட்மியம் நச்சு, அதனால் இந்திய ஹால்மார்க் விதிகள் அதை ஒதுக்கி வைத்திருக்கின்றன. தங்கத்தின் மாற்று குறையக் கூடாது என்பதற்காக ஆளின் ஆயுள் குறைந்தாலும் பரவாயில்லை என்றிருந்த ஏற்பாடு அது.

சரி, தட்டார் பட்டறையை விட்டு வெளியே வருவோம்.

கன்னார் பட்டறையில் கலக்காவிட்டால் வேலையே இல்லை. செம்பை மட்டும் உருக்கினால் 1085 டிகிரி வேண்டும்; குழம்பும் கெட்டியாக நிற்கும், காற்றை உறிஞ்சிக்கொண்டு ஆறும்போது குமிழி விடும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் குறைந்த சூட்டில் உருகுகிறது, அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடுகிறது, ஆறிய பிறகு செம்பைவிடக் கடினமாகவும் இருக்கிறது. காரணம் எளிது. ஒரே அளவுக் கோலிக்குண்டுகளை வரிசையாக அடுக்கி ஒரு பக்கம் தள்ளினால் வரிசை வழுக்கிக்கொண்டு நகரும். நடுவில் பெரிய குண்டுகள் சிலவற்றைச் செருகினால் சிக்கிக்கொள்ளும். வெள்ளீய அணு செம்பு அணுவைவிடப் பெரியது. அது உள்ளே புகுந்ததும் செம்பின் அடுக்குகளால் பழையபடி வழுக்க முடிவதில்லை.

இந்தக் கலப்புகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். வெண்கலம். வெண்மையான கலம், அவ்வளவுதான். சிவந்த செம்பில் வெள்ளீயம் ஏற ஏற நிறம் வெளிறுவதைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தின் பெயரையே உலோகத்துக்கும் வைத்துவிட்டார்கள். பித்தளை வடமொழி வழி வந்தது. ஓட்டுப் பாத்திரம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு, மலையாளத்திலும் அது 'ஓடு'தான். எந்தப் பெயரிலும் கலப்பு என்ற பேச்சே இல்லை. பாத்திரக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் வெண்கலம் ஒரு தனி உலோகம். அதில் செம்பு எவ்வளவு என்று யாரும் கல்லில் உரைத்துப் பார்ப்பதில்லை. விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள்.

தட்டிப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தங்கத்துக்குத் தீர்ப்பு சொல்வது கண். வெண்கலத்துக்குக் காது. சுத்தச் செம்புக் குடத்தைத் தட்டினால் மந்தமாக ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கும். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெள்ளீயம் சேர்ந்த மணியை அடித்தால் கணீரென்று எழுந்து வெகுநேரம் நிற்கும். சீர்காழி கோவிந்தராஜனுக்கு வெண்கலக் குரல் என்று பட்டம் கொடுத்த ரசிகர்கள் உலோகவியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் செம்புக் குரல் என்று அவர்கள் சொல்லவில்லை, வெள்ளீயக் குரல் என்றும் சொல்லவில்லை. இரண்டு மந்தமான உலோகங்கள் சேர்ந்தால் அப்படி ஒரு ஒலி பிறக்கும் என்பது காதுக்குத் தெரிந்திருக்கிறது. வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி என்ற சொலவடையும் இந்தக் காதிலிருந்து வந்ததுதான். உடைவதைப் பற்றி அதில் கவலையே இல்லை, சத்தம்தான் விஷயம்.

வெள்ளீயத்தை இவ்வளவு ஏற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. வெண்கலம் நொறுங்கத் தொடங்கும். அதை வார்க்கலாம், அடித்துத் தகடாக்குவது கடினம். ஆனால் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்புக்காலக் கிண்ணங்களில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், அதுவும் மெல்லிய தகடாக அடித்தவை. நீலகிரியில் கிடைத்தவையும் இதே இனம். செக்கச் சிவக்கக் காய்ச்சி அந்தச் சூட்டிலேயே அடித்து, சட்டென்று தண்ணீரில் முக்கினால்தான் இது வாய்க்கும். ஆறவிட்டு அடித்தால் சிதறிவிடும். இரும்புக் கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் விறைத்துக் கடினமாகும். இந்த வெண்கலத்தை முக்கினால் நேர்மாறாக நொறுங்கும் குணம் குறையும். இரும்பில் பழகிய கை இதை ஊகித்திருக்கவே முடியாது. யாரோ பல கிண்ணங்களை உடைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இன்னும் மேலே போனால் ஆறன்முளக் கண்ணாடி. கேரளத்தில் பம்பைக் கரையில் சில குடும்பங்கள் செய்கிற உலோகக் கண்ணாடி அது. வெள்ளீயம் மூன்றில் ஒரு பங்கு. கீழே விழுந்தால் கண்ணாடி போலவே உடையும், ஆனால் அந்த விகிதத்தில்தான் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேறும். பத்தில் ஒரு பங்கு கலந்தால் வார்ப்பு, ஐந்தில் ஒன்று மணி, மூன்றில் ஒன்று கண்ணாடி. இதைக் கலப்படம் என்று சொல்ல நாக்கு வருமா?

பித்தளையின் பங்காளி துத்தநாகத்துக்குச் சின்னதாக ஒரு வெளிநாட்டுப் பயண வரலாறு உண்டு. அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், செம்பு உருகுவதற்கும் முன்பே. அதனால் துத்தநாகத்தைத் தனியாகப் பிடிக்கத் தெரியாத காலத்தில் செம்பையும் துத்தநாகக் கனிமத்தையும் கரியோடு ஒரே மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்குடுவையில், மூடிவைத்துக் காய்ச்சிப் பித்தளை செய்தார்கள். உலோகத்தையே ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் வித்தையை ராஜஸ்தானின் ஜாவரில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். அப்புறம் கீழை நாட்டு வணிகத்தில் இந்த உலோகம் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்தில் 'டூட்டனேக்' என்று வெளியே வந்தது. நம் துத்தநாகத்தின் உடன்பிறந்த சொல்தான், காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள்.

இனி ஐம்பொன். தமிழில் உலோகக் கலப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தச் சொல்தான்.

பொன் என்றால் இன்று தங்கம். பழந்தமிழில் அது உலோகத்துக்கே பொதுப்பெயர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். நிறத்தைச் சொல்லிவிட்டால் போதும், மீதி புரிந்துவிடும். வடமொழியின் 'லோஹ' எதிர்த்திசையில் பயணம் செய்த சொல். அதற்கு முதலில் சிவப்பு, அதனால் செம்பு என்று பொருள். பிறகு இரும்பையும், கடைசியில் எல்லா உலோகத்தையும் குறித்தது. பொன் விரிந்த நிலையிலிருந்து சுருங்கியது, லோகம் சுருங்கிய நிலையிலிருந்து விரிந்தது. இரண்டும் ஐந்து என்ற எண்ணில் வந்து சந்தித்து ஐம்பொன் என்றும் பஞ்சலோகம் என்றும் ஆயின. ஐந்து எவை என்று கேட்டால் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். பொன், வெள்ளி, செம்பு மூன்றும் எல்லாப் பட்டியலிலும் உண்டு. மீதி இரண்டு இடத்துக்கு இரும்பு, வெள்ளீயம், காரீயம், பித்தளை, துத்தநாகம் எல்லாம் போட்டியிடும். பித்தளையே ஒரு கலப்பு, அதை எப்படி ஐந்தில் ஒன்றாக எண்ணுவது என்ற கேள்வி யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. கன்னார் கண்ணில் அது தனி உலோகம் என்றேனே, அதுதான்.

ராஜராஜன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் கணக்குப் பிள்ளையின் கறாரோடு எழுதப்பட்டவை. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தார்கள். சிலையின் உயரத்தைக் கோயிலில் இருந்த முழத்தால் அளந்தார்கள். அங்கே வார்ப்புச் சிலைகளைச் செப்பால் ஆனவை என்றே குறிக்கிறார்கள். செம்புதான் பெரும்பங்கு, அதனால் செப்பு. சோழர் காலச் சிலைகளை ஆய்வகத்தில் சோதித்தபோது தெரிந்ததும் அதுவே: செம்பு, அதில் கொஞ்சம் வெள்ளீயம், கொஞ்சம் காரீயம். பொன்னும் வெள்ளியும் இருந்தாலும் இருப்பது பேருக்குத்தான். இன்று செய்தித்தாளில் 'ஐம்பொன் சிலை மீட்பு' என்று வருவதை அந்தக் கணக்குப் பிள்ளை படித்தால் பேனாவைப் பிடுங்கித் திருத்தியிருப்பார்.

சுவாமிமலையில் ஒரு வார்ப்பை அருகிருந்து பார்த்தேன். மெழுகில் வடித்த அம்மன், காவிரி வண்டல் மண்ணுக்குள் புதைந்து கம்பி சுற்றிய ஒரு மண் மூட்டையாகக் கிடந்தாள். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்த மெழுகு அது. மூட்டையைச் சூடாக்கியதும் வாய் வழியாக ஒழுகி, மண்ணுக்குள் அம்மன் வடிவத்தில் வெற்றிடத்தை விட்டுவிட்டு வெளியேறியது. சற்றுத் தள்ளி உலையில் மூசை. செம்பு உருகும்போது தழலின் ஓரத்தில் பச்சை தெரிந்தது. பித்தளைத் துண்டுகளைப் போட்டதும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்தது. ஓடிப்போகும் துத்தநாகம் அது. கடைசியாகக் காரீயம். அப்புறம் ஸ்தபதி தலையை நிமிர்த்திப் பார்த்தார். சிலைக்குச் சொல்லிவைத்த குடும்பத்தின் பெரியம்மா முன்னால் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துத் துண்டுத் தங்கத்தையும் கால் மெட்டி ஒன்றையும் எடுத்தார். "போடுங்கம்மா, மனசுல நெனச்சிக்கிட்டுப் போடுங்க" என்றார் ஸ்தபதி. போட்டார். ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை, குழம்பு வாங்கிக்கொண்டது.

பல கிலோ செம்பில் அந்தத் தங்கம் எந்தச் சோதனையிலும் சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தெரியாது. நிறத்தை மாற்றாது, வலுவையும் கூட்டாது. ஆனால் அது விழாமல் வார்த்திருந்தால் பெரியம்மாவுக்கு அது ஐம்பொன் ஆகியிருக்காது. ஐம்பொன் என்பதைச் சேர்மானக் குறிப்பாகப் படிக்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அது ஒரு நேர்த்தியின் பெயர். இது புரியாத திருடர்கள் சிலைக்குள் கிலோக் கணக்கில் தங்கம் இருப்பதாக நம்பி, கையையும் பீடத்தையும் அறுத்துப் பார்த்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. கோபுரக் கலசத்தில் இடி விழுந்தால் செம்பு இரிடியமாக மாறிவிடும் என்று சொல்லி லட்சக்கணக்கில் சுருட்டுகிறவர்களுக்கு இன்றும் ஆள் கிடைக்கிறது. கலசம் செம்பு. மேலே தங்க முலாம் இருக்கலாம். இடி ஒரு தனிமத்தை இன்னொன்றாக மாற்றாது.

சரி, அலாய் என்ற சொல்லுக்கு மரியாதை எப்போது வந்தது? இதில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம்.

இரும்பை மூசையில் கரியோடு அடைத்து உருக்கிச் செய்யும் எஃகு தென்னிந்தியாவின் பழைய சரக்கு. கொங்கு நாட்டுக் கொடுமணலில் உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உருகச் செய்ததால் அது உருக்கு. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு'. இந்தச் சொல் எப்படியோ உருமாறி 'வூட்ஸ்' என்று லண்டன் போய்ச் சேர்ந்தது. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அங்குள்ள கத்திக்காரர்களுக்கு அது ஆச்சரியம்: இவ்வளவு கூர்மை எதனால் வருகிறது? ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரும், அப்போது இளைஞராக இருந்த மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதைப் போலச் செய்ய முயன்றார்கள். ஏதோ வேற்று உலோகம் கலந்திருப்பதால்தான் இந்தக் குணம் என்று நினைத்து, எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தார்கள். உண்மையில் வூட்ஸின் குணத்துக்குப் பெரிய காரணம் அதில் இருந்த கூடுதல் கரி.

ஆனால் 1820-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பைக் கவனியுங்கள்: எஃகை மேம்படுத்தும் நோக்கில் அதன் அலாய்களைக் கொண்டு செய்த சோதனைகள். மேம்படுத்துவதற்காக அலாய்! ஹென்றியின் காசை வாங்கி ஏமாந்த ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அக்கசாலையில் களங்கமாக இருந்த சொல் கத்திக்காரர் பட்டறையில் நம் உருக்கைத் துரத்திக்கொண்டு போன வழியில் புண்ணியம் தேடிக்கொண்டது என்று சொல்ல எனக்கு ஆசை. அந்தக் கட்டுரை ஒன்றினால்தான் எல்லாம் மாறியது என்றால் மிகை. எஃகில் வேண்டுமென்றே வேறு உலோகம் சேர்த்துப் பார்க்கும் வழிக்கு அது முன்னோடி என்பதில் மிகை இல்லை.

அந்த வழியில் 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழலுக்காக எஃகில் குரோமியம் சேர்த்துப் பார்த்தார், துருப்பிடிக்காத எஃகு கிடைத்தது. பின்னாளில் அது நம் சமையலறைக்குள் நுழைந்து வெண்கலப் பானையையும் பித்தளைக் குடத்தையும் பரணுக்கு ஏற்றிவிட்டது. வந்த வேகத்தில் நாம் அதற்கு வைத்துக்கொண்ட பெயர் எவர்சில்வர். வெள்ளி மருந்துக்கும் கிடையாது. இரும்பு, நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டுப் பங்கு நிக்கல் என்பது வழக்கமான சேர்மானம். வெண்கலத்துக்கு நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்த அதே புத்தி. அந்த எவர்சில்வர் தகட்டைச் செய்கிற சேலத்து ஆலையின் பெயரில் மட்டும் பழைய சொல் பத்திரமாக இருக்கிறது: உருக்காலை. அங்கே நாணயம் அடிப்பதற்கான வில்லைகளும் தயாரிக்கிறார்கள். இன்று நம் கையில் புழங்கும் ஒரு ரூபாய்க் காசு இரும்பும் குரோமியமும் சேர்ந்ததுதான். உரைத்துப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

கடைசியாகப் பாடப்புத்தகச் சொல். தமிழ்நாட்டில் உலோகக் கலவை, இலங்கையில் கலப்புலோகம். இரண்டும் நிலைத்துவிட்டன, குறை சொல்லவில்லை. ஆனால் அதே வேதியியல் புத்தகத்தில் கலவை வேறு, சேர்மம் வேறு என்று ஒரு பாடம் இருக்கிறது. கலவையில் பொருள்கள் சும்மா பக்கத்தில் இருக்கும், எளிதாகப் பிரிக்கலாம், சேர்மத்தில் பிணைந்துவிடும். வெண்கலம் இந்த இரண்டிலும் ஒழுங்காக அடங்குவதில்லை. வெள்ளீயம் குறைவாக இருந்தால் செம்புக்குள் அணு அணுவாகக் கரைந்து நிற்கும் திண்மக் கரைசல். ஆறன்முள அளவுக்குப் போனால் செம்பும் வெள்ளீயமும் குறிப்பிட்ட விகிதத்தில் பிணைந்து தனியொரு பொருளாகவே ஆகிவிடுகின்றன, முகம் தெரிகிற அந்த மெருகு அதன் குணம். மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவையோடு இதை ஒரே சொல்லில் அடைப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

இந்த இடத்தில் லத்தீன்காரர்களின் 'கட்டு' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதற்கு அங்கே போக வேண்டியதுகூட இல்லை. ஓடித் திரியும் பாதரசத்தைத் திடமாக்குவதைச் சித்தர்கள் ரசத்தைக் கட்டுதல் என்றார்கள். சித்த மருத்துவத்தின் 32 வகை அகமருந்துகளில் 'கட்டு' ஒன்று, 'உருக்கு' இன்னொன்று. உலோகத்தை உலோகத்தோடு கட்டுவதற்கு நம்மிடமும் சொல் இருந்தது, மருந்துக்கடையில். பாடப்புத்தகம் எழுத உட்கார்ந்தவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை.